430 டாலர் கண்ணாடியும் ஒரு சிட்டி அட்டர்னியும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அடுத்தவர் பொருளை உடைத்தால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைப் பெரும்பாலும் ரிப்பேர் செலவுதான் முடிவு செய்கிறது. 500 டாலர் வரை மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம்: அதிகபட்சம் 90 நாள் சிறை, 1,000 டாலர் அபராதம். அதற்கு மேலே 1,000 டாலர் வரை கிராஸ் மிஸ்டிமீனர், அதைவிட ஒரு படி பெரியது. அதையும் தாண்டினால் ஃபெலனி, பெருங்குற்றம். வழக்கு கவுன்ட்டி அட்டர்னியிடம், அதாவது மாவட்டம் போன்ற கவுன்ட்டியின் அரசு வக்கீலிடம், போய்விடும். மினியாபொலிஸுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் புறநகரில், யார் வீட்டு விருந்துக்கோ வந்த ஒரு பையன் குடிபோதையில் என் காரின் சைடு மிர்ரரை உதைத்துப் பெயர்த்துவிட்டான். பாடி ஷாப்பில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 430 டாலர். அது மிஸ்டிமீனர்தான் என்பதால் வழக்கு எங்கள் ஊரின் அரசு வக்கீலான சிட்டி அட்டர்னியிடம் வந்தது.

பார்க்கிங் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததால் போலீஸுக்கு வேலை குறைவு. அவர்கள் எழுதிக் கொடுத்த சைட்டேஷன் என்ற குற்றச்சாட்டுச் சீட்டே போதும், வழக்கு தொடங்கிவிடுகிறது. சில வாரங்களில் சிட்டி அட்டர்னி அலுவலகத்திலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று ஒரு தாள், நஷ்ட ஈடு கேட்க ஒரு படிவம். என் இன்ஷூரன்ஸில் முதல் 500 டாலர் என் பொறுப்பு, ஆகவே அந்தப் படிவம்தான் எனக்கு முக்கியம். ரசீது, எஸ்டிமேட், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து அன்றே அனுப்பினேன்.

தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில், "சின்னப் பையன்டி, பாவம். கேஸை வாபஸ் வாங்கிடு" என்றாள். வாங்க முடியாது. வழக்கின் பெயரே 'மினசோட்டா மாநிலம் எதிர்' அவன்தான். நான் வெறும் சாட்சி. என் விருப்பத்தைச் சொல்லலாம், அவ்வளவே.

சிட்டி அட்டர்னி என்றதும் நகராட்சிக் கட்டடத்தில் பெரிய அறையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 600 பேருக்கு மேல் உள்ள ஊர் என்றாலே அங்கு நடக்கும் மிஸ்டிமீனர்களை அந்த ஊர் வக்கீல்தான் நடத்த வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சின்ன ஊர்களுக்கு முழுநேர வக்கீல் கட்டுப்படியாகாது. தனியார் வக்கீல் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வழக்கைப் பார்த்த அம்மணி பக்கத்து ஊருக்கும் அவர்தான். ஊருக்கென்று தனிக் கோர்ட்டும் கிடையாது. எங்கள் ஊர் அடங்கிய ஹென்னபின் கவுன்ட்டியின் மாவட்ட நீதிமன்றத்தில்தான் எல்லாம்.

முதல் விசாரணை ஜூமில் நடந்தது. பையன் குற்றத்தை மறுத்து, அரசு செலவில் வக்கீல் கேட்டான். அடுத்தது நேரில். நான் வரவேண்டிய கட்டாயம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான கோர்ட், கோர்ட் அறைக்கு வெளியே உள்ள நடைபாதைதான். அம்மணி கையில் ஒரு லேப்டாப்போடு சுவரோரம் நின்றபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர், கடையில் திருடிய பெண், குடித்துவிட்டு ஓட்டியவர். ரேஷன் கடை வரிசை மாதிரி அவர்களும் அவர்களுடைய வக்கீல்களும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். பேரம் இங்கே படிகிறது. உள்ளே நீதிபதி படிந்ததைப் பதிவு செய்கிறார். படியாதவர்களுக்கு ஆறு பேர் கொண்ட ஜூரி முன் விசாரணை கேட்க உரிமை உண்டு. அன்று என் கண்ணெதிரே ஒருவரும் கேட்கவில்லை.

அம்மணி என்னைத் தனியே அழைத்து, தான் என்ன செய்யப் போகிறார் என்று சொன்னார். ஒரு வருடம் வழக்கைத் தள்ளிவைப்பது, என் பணத்தை அவன் முழுதும் கட்டுவது, வேறு வம்பில் மாட்டாவிட்டால் தள்ளுபடி. "உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், பதிவு செய்கிறேன். முடிவு என்னுடையது" என்றார். மரியாதையாகத்தான், ஆனால் ஒளிவுமறைவில்லாமல். இப்படித் தள்ளிவைக்க ஒப்புக்கொள்வது வழக்கை நடத்தும் அரசு வக்கீலான பிராசிக்யூட்டரின் தனி அதிகாரம் என்று சட்டமே சொல்கிறது. இவ்வளவு அதிகாரம் ஒப்பந்த வக்கீல் ஒருவர் கையில் இருப்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. இந்த வழக்கில் அவர் செய்தது சரி என்பது வேறு விஷயம்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. இதையொத்த இன்னொரு ஏற்பாட்டில் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், தீர்ப்பை மட்டும் நிறுத்திவைப்பார்கள். மாநிலத்தின் கணக்கில் அது தண்டனை ஆகாது, குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் ஆகலாம். நடைபாதையில் தலையாட்டுவதற்கு முன்னால் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை அவன் நேரே என்னிடம் தரவில்லை, கோர்ட்டில் கட்டினான். அங்கிருந்து தவணை தவணையாகச் செக் வந்தது. நடுவில் வீடு மாறினால் முகவரியைக் கோர்ட்டுக்கும் சொல்ல வேண்டும், பிராசிக்யூட்டர் அலுவலகத்துக்கு மட்டும் சொன்னால் போதாது.