விலங்கியல் சேர் விட்டு விட்டுக் கேட்ட கேள்விகள்

1990களின் தொடக்கத்தில் நம் கல்லூரியில் உயர்தரம் படித்த யாரும் விலங்கியல் சேரை மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டுக் காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். ஆனால் இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டு போனால் சேர் மெச்சமாட்டார். தவளையின் இதயத்தை இன்று கரும்பலகையில் வரைந்தால், நாளைக் காலை "சோணையறை எத்தனை, இதயவறை எத்தனை?" என்பார். நாலு நாள் கழித்து வேறொரு பாடத்தின் நடுவிலும் அதையே கேட்பார். "விட்டு விட்டுப் படியுங்கோ பிள்ளையள்" என்பதுதான் அவர் எப்போதும் சொல்வது.

அதன் காரணம் ரொறன்ரோவில் நரம்பியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நரம்பியலாளர் எரிக் கண்டெல் 1939இல் சிறுவனாக வியன்னாவை விட்டு ஓடியவர். நினைவைப் பற்றி அவர் ஆராய்ந்தது அப்லீசியா என்ற கடல் நத்தையில். அதற்கு நரம்புக்கலங்கள் ஏறக்குறைய 20,000தான். வாலில் ஒரு தடவை மின்னதிர்ச்சி கொடுத்தால் அது சில நிமிடங்களே நினைவில் நிற்கும். இடைவெளி விட்டு ஐந்து தடவை கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கும். ஒரு தடவைக்கு, கலத்தில் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் கொஞ்சம் மாறினாலே போதும். திரும்பத் திரும்ப வந்தால்தான் செய்தி கலத்தின் கருவுக்குள் போகிறது. அங்கே கிரெப் என்ற புரதம் பரம்பரையலகுகளை இயக்கும். அவற்றைத் தடுத்து வைத்திருக்கும் இன்னொரு வகைக் கிரெப் விலகவும் வேண்டும். அப்புறம் புதிய புரதங்கள் உருவாகி, நரம்புக்கலங்களுக்கிடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன. 2000இல் கண்டெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழ ஈக்களிலும் இதே கதைதான். பத்துப் பயிற்சிகளை அடுத்தடுத்துக் கொடுத்ததைவிட, இடையில் ஓய்வு விட்டுக் கொடுத்தபோதே நினைவு ஒரு வாரம் தாங்கியது. கிரெப்பின் வேலையைத் தடுத்த ஈக்களில் அந்த நீண்டகால நினைவு உண்டாகவில்லை.

ஒரே தடவையில் பதிவதும் உண்டு. அதிர்ச்சி வாங்கிய கூட்டை எலி மறப்பதில்லை. பயம் அவ்வளவு வலியது. அதற்கும் புதிய புரதம் வேண்டும். பொம்பர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய முதல் நாளை நினைவில் வைக்க நமக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. படிப்பு அப்படிப் பதியாது என்பது சேருக்குத் தெரிந்திருந்தது. பொம்பர் போனதும் வகுப்புக்கு வந்து, போன கிழமைக் கேள்வி ஒன்றை ஆறுதலாகக் கேட்பார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.