வழிகாட்டி நாய்: எந்தக் காகிதம் செல்லும், எது செல்லாது

இணையத்தில் விற்கும் 'சேவை நாய்' சான்றிதழை வாங்காதீர்கள். நாங்கள் வாங்கி ஏமாந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்த சமயம். வீட்டிலிருந்த பூடில் இன நாயின் படத்தை அனுப்பிப் பணம் கட்டினோம். பெயர் பொறித்த அட்டை, பதிவு எண், சிவப்பு ஜாக்கெட் எல்லாம் பொட்டலமாக வந்தன. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஊழியர் அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "வழிகாட்டி நாயா? எந்தப் பள்ளியில் பழக்கினார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை, திரும்பிவிட்டோம். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

அந்த அட்டைகளை விற்பவர்கள் அமெரிக்கச் சட்டத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். அங்கே உடற்குறையுள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கிய நாய்தான் சேவை விலங்கு. கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழ் கேட்க அவருக்கு உரிமையில்லை. விலைக்கு வாங்கிய பதிவு எந்த உரிமையையும் தராது என்று அந்நாட்டு நீதி அமைச்சே சொல்லியிருக்கிறது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. சேவை விலங்கு இன்னது என்று எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சொல்லும் ஒரே சட்டம் இங்கே கிடையாது. ரயில் விதிகளில் ஒரு விலக்கு, உணவுக்கடைச் சுகாதார விதிகளில் ஒரு விலக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குத் தனி அனுமதி என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. இவை எல்லாம் பார்வை இல்லாதவரை நடத்திச் செல்லும் வழிகாட்டி நாய்க்கானவை. மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாய்க்கு மருத்துவர் கடிதமே இருந்தாலும் ரயிலில் இடமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2023 ஏப்ரல் 1 முதல் அத்தகைய நாய்களைப் பயணிகள் பகுதியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டது.

சரியான வழி வெள்ளைக்கோலில் தொடங்குகிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பல மாதம் மிச்சமாகியிருக்கும். நாய்க்கு வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெரியாது. எங்கே திரும்ப வேண்டும், எத்தனையாவது புளோக் என்பதெல்லாம் நடப்பவர் மனத்தில் இருக்க வேண்டும். நாய் தடைகளைச் சுற்றிக் கூட்டிப்போகும், படி விளிம்பிலும் சாலையோரத்திலும் நிற்கும், கார் வந்தால் "போ" என்று சொன்னாலும் அசையாது. அதனால் கோலோடு தனியாக நடக்கத் தெரியாதவருக்கு வழிகாட்டி நாய்ப் பள்ளியில் நாய் கொடுக்க மாட்டார்கள். விண்ணப்பம், வீட்டை வந்து பார்ப்பது, நடைவேகத்துக்கும் குணத்துக்கும் பொருந்தும் நாயைத் தேடுவது எல்லாம் நாள் பிடித்தாலும் சிக்கலில்லாமல் முடிந்தது.

சிக்கல் காகிதத்தில் வந்தது. எங்கள் நாய் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கிருந்து வரும் நாய்க்கு இங்கே தனிமைக் காப்பு (வந்ததும் தனியாக அடைத்து வைத்துக் கண்காணிப்பது) கிடையாது என்பதால் அலட்சியமாக இருந்துவிட்டோம். நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காக வைக்கும் மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கம். ஒரு தாளில் ஓர் இலக்கம் மாறிப் பதிவாகியிருந்தது, இரண்டு வாரம் போயிற்று. இறக்குமதி அனுமதி, மருத்துவச் சான்று, உரிம விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் உரிமம் வேண்டும், இல்லையென்றால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

வீவக விஷயம் இன்னும் முக்கியம். அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் இனங்களின் பட்டியலில், வழிகாட்டி நாயாகப் பெரும்பாலும் பழக்கப்படும் லாப்ரடார் இல்லை. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். வழிகாட்டி நாய்க்கு விலக்கு உண்டுதான், ஆனால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள், அதுவும் நாய் வந்து சேர்வதற்கு முன்பே. பக்கத்து வீட்டார் புகார் கொடுத்த பிறகு கடிதம் தேடி அலையக் கூடாது. கூடவே, வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்பதுதான் விதி. எங்கள் பூடில் இப்போது சித்தி வீட்டில் வளர்கிறது.

எல்லாம் கையில் இருந்தும் நம்மை நிறுத்துகிற இடம் சாப்பாட்டுக்கடை. ஒரு கடையில் "ஹலால் கடை, நாய் கூடாது" என்று வாசலிலேயே மறித்துவிட்டார்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்துக்குள் வழிகாட்டி நாய் வரலாம் என்று, ஹலால் சான்றிதழ் கொடுக்கும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸே தெளிவுபடுத்தியிருக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதியிலும் தடையில்லை. ஆனால் வாசலில் குரலை உயர்த்தினால் வேலை நடக்காது. "அண்ணே, இது வழிகாட்டி நாய், செல்லப்பிராணி இல்லை. மேலாளரைக் கூப்பிடுங்களேன்" என்பதே போதும். பள்ளி கொடுத்த அடையாள அட்டையை அவர் கேட்குமுன் நீட்டிவிடுங்கள். முயிஸ் விளக்கத்தை அச்சடித்து அதோடு வைத்திருங்கள், கைப்பேசியில் தேடிக் காட்டுவதைவிடத் தாள் சீக்கிரம் வேலை செய்கிறது.

உள்ளே போனதும் சுவரோர மேசையைக் கேளுங்கள். நாய் மேசைக்கடியில் சுருண்டு படுக்க வேண்டும், வால் நடைபாதையில் நீளக் கூடாது. முஸ்லிம் நண்பர்களுக்கு நாயின் எச்சில் படுவது மார்க்கக் கவலை. எனவே தண்ணீர்க் கிண்ணத்தைக் கடைக்கு வெளியே வைத்துக் கொடுத்து, வாயைத் துண்டால் துடைத்த பிறகு உள்ளே கூட்டிப் போங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு முகம் சுளித்தவர்களே நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள்.

ரயிலில் இப்போது தொந்தரவில்லை. நாயின் உடம்பில் பூட்டிய, கைப்பிடி கொண்ட ஹார்னஸ் வாரைப் பார்த்ததும் அகலமான கதவைத் திறந்துவிடுகிறார்கள். எஸ்கலேட்டரில் மட்டும் ஏறாதீர்கள், நாயின் விரல் நகம் படியின் பல்லில் சிக்கிக்கொள்ளும். தினமும் போகும் நிலையத்தில் லிஃப்ட் எந்தப் பக்கம், அது பழுதானால் அடுத்த லிஃப்ட் எங்கே என்பதை முதல் வாரமே பார்வையுள்ள ஒருவரோடு நடந்து பார்த்துவிடுங்கள்.