அண்ணன் கணினியில் சத்தம் நின்றால்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் சத்தம் வரவில்லை என்றால் அண்ணனுக்கு அன்றைய வேலையே நின்றுவிடும். அண்ணனுக்குக் கண் பார்வை கிடையாது. பள்ளியில் வரலாறு நடத்துகிறார். பாடக் குறிப்பு, வினாத்தாள், மெயில் எல்லாமே என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழியாகத்தான். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. விசையை அழுத்தினால் எழுத்தைச் சொல்லும், அம்புக்குறியை நகர்த்தினால் வரியை வாசிக்கும். அந்தப் பேச்சு நின்றால் அவருக்கு மானிட்டர் அணைந்த மாதிரி.

"பாப்பா, பேச மாட்டேங்குது" என்று அவர் கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். அப்படி ஓடி ஓடிப் பழகிய சில விஷயங்களை, இதேபோல வீட்டில் ஒருவர் திரைவாசிப்பானை நம்பியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சத்தம் வரவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது டிரைவரில், அதாவது ஒலிச் சாதனத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளில். இருப்பதை அழிப்பார்கள், எங்கிருந்தோ ஒரு டிரைவர் பேக்கை இறக்கிப் போடுவார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா, வால்யூம் குமிழ் திரும்பியிருக்கிறதா என்று பார்த்ததும் அடுத்து நான் போவது ஒரே இடத்துக்கு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எம்எஸ்ஒய்எஸ் டாட் சிபிஎல் (mmsys.cpl) என்று அடித்தால் பழைய சவுண்ட் ஜன்னல் திறக்கும். அதில் பிளேபேக் பக்கத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வலது ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். சத்தம் போகும்போது அவை பச்சையாகத் துள்ளும்.

அண்ணனை ஏதாவது ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். எதுவுமே துள்ளவில்லை என்றால் சத்தம் உள்ளேயே பிறக்கவில்லை. என்விடிஏ நின்றிருக்கலாம், அல்லது விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் நின்றிருக்கலாம். சர்வீசஸ் ஜன்னலில் அதைத் தேடி ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். கோடு துள்ளுகிறது, ஆனால் காதில் விழவில்லை என்றால் கணினி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே போய்ப் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

புது மானிட்டர் வாங்கி ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய அன்று இதுதான் நடந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் துளை மட்டும் உண்டு. ஆனாலும் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒலியும் போகும் என்பதால் விண்டோஸ் அதை ஒரு ஒலிச் சாதனமாகச் சேர்த்து, அதையே டீஃபால்ட்டாக, அதாவது வழக்கமாகச் சத்தம் அனுப்பும் இடமாக வைத்துக்கொண்டது. மானிட்டர் பெயருக்கு எதிரே கோடு துள்ளிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்ஸ் வரியைத் தேர்ந்து செட் டீஃபால்ட் கொடுத்ததும் பேச்சு வந்தது. அதோடு விடவில்லை. கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகும்போது மறுபடி மாறக்கூடும் என்பதால் மானிட்டர் வரியை ரைட் கிளிக் செய்து டிசேபிள் செய்துவிட்டேன். அண்ணன் தனியாக இருக்கும் நேரத்தில் அது மாறிவிடக் கூடாது.

இன்னொரு கோளாறு இதைவிடப் படுத்தியது. ஸ்பீக்கர்ஸ் வரியிலேயே கோடு துள்ளுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதே ஸ்பீக்கர் வயரை என் போனில் செருகினால் பாடுகிறது. கடைக்குத் தூக்கிப் போனோம். மதர்போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது தூத்துக்குடி. உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. கேபினெட்டின் முன்பக்கம் இருக்கும் ஹெட்போன் துளைக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. பின்னைச் செருகினால் அது நகர்ந்து, ஹெட்போன் வந்துவிட்டது என்று போர்டுக்குத் தெரிவிக்கும். உடனே பின்பக்க ஸ்பீக்கர் மௌனமாகும். அந்தத் தகடு அரித்தோ சிக்கியோ நின்றுவிட்டால், ஹெட்போனே செருகாதபோதும் செருகியிருப்பதாகப் போர்டு நினைத்துக்கொள்ளும், பின்பக்கம் அடைந்தே கிடக்கும். சோதிப்பது சுலபம். பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, முன்பக்கத்திலிருந்து போர்டுக்கு வரும் ஆடியோ வயரைக் கழற்ற வேண்டும். இரண்டு வரிசையில் 9 ஊசிகள், ஒன்று இருக்க வேண்டிய இடம் காலி. பெரும்பாலும் போர்டின் கீழ் விளிம்பில், பொடி எழுத்தில் ஆடியோ என்று குறித்திருக்கும். கழற்றிவிட்டு ஆன் செய்தேன். அண்ணன் லாகின் பக்கத்துக்கு வந்ததும் அது பேசியது. "பேசுது பாப்பா!" என்று அவர் சிரித்ததைக் கேட்டு அம்மா பின்கட்டிலிருந்து வந்துவிட்டார். அந்த வயரை இன்னும் மாட்டவில்லை. ஹெட்போனை ஸ்பீக்கரிலேயே இருக்கும் துளையில் செருகிக்கொள்கிறார்.

துளைகளின் நிறம் அவருக்குப் பயன்படாது. அதனால் விரலால் படித்து வைத்திருக்கிறார். எங்கள் போர்டில் பின்பக்கம் மூன்று துளைகள் மேலிருந்து கீழாக: நீலம், பச்சை, இளஞ்சிவப்பு. ஸ்பீக்கருக்கு நடுத் துளை. யாராவது பெருக்கும்போது வயர் கழன்றால் அவரே தடவிச் செருகிவிடுவார். ஆறு துளை உள்ள போர்டில் வரிசை வேறு மாதிரி இருக்கும், ஒருமுறை கூட இருந்து காட்டிக்கொடுக்க வேண்டும்.

பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் விழுங்கப்படுகிறது என்றால் ஒலிச் சாதனம் மின்சாரம் மிச்சம்பிடிக்கத் தூங்கி எழுகிறது என்று பொருள். என்விடிஏவின் ஆடியோ அமைப்புகளில் பேச்சு முடிந்த பிறகும் சாதனத்தை விழித்திருக்க வைக்கும் நேரத்தைக் கூட்டலாம். 'கல்வி' 'ல்வி' ஆகிவிட்டால் வினாத்தாள் எப்படித் தயாரிப்பது?

'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கு முதலில் எர்த் பாருங்கள். கணினியும் ஸ்பீக்கரும் வேறு வேறு சுவர்ப் பாயிண்டில் இருந்தால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றுங்கள்.

1989ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த காலத்தில் சவுண்ட் கார்டு என்பது கழற்றி மாட்டும் தனி அட்டை. இப்போது அது போர்டிலேயே ஒட்டிய சின்னச் சிப். அது உண்மையிலேயே போனாலும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. பென் டிரைவ் அளவில் யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் கிடைக்கிறது. அதுவே ஒரு முழு சவுண்ட் கார்டு, விண்டோஸில் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் வீட்டில் இது கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும் என்பேன்.

அண்ணனின் மேசை இழுப்பறையில் வலது மூலையில், ஒரு பழைய இயர்போனோடு சேர்த்தே அதை வைத்திருக்கிறோம். நான் அலுவலகத்தில் இருக்கும்போது பேச்சு நின்றால் அதைச் செருகுவார். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே அதற்கு மாறிவிடும். மாறவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி என்விடிஏவை மறுபடி கிளப்புவார். அதற்கும் பதில் இல்லை என்றால் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர்: விண்டோஸின் சொந்த வாசிப்பான் நரேட்டர் எழும். அதன் குரல் அவருக்குப் பிடிக்காது, ஆனால் சவுண்ட் அமைப்புவரை கூட்டிப்போக அது போதும்.