படித்துச் சொல்லாத இரண்டாவது பெயர்

"அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க டாக்டரம்மா" என்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மகளை அழைத்து வந்திருந்த தாய் கேட்டபோது, மகளின் முகத்துப் படையின் படத்தைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவி கணினித் திரையில் காட்டிய நோய்ப் பெயர்களுள் முதலாவதை மட்டும் படித்தேன். சாதாரணத் தேமல் என்றேன். இரண்டாவதாக இருந்தது தொழுநோய். அதைச் சொல்லாமல், கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் கூறினேன்.

கன்னத்தில் ஓரம் தெளியாத, நிறம் மங்கிய ஒரு படை. பஞ்சு நுனியால் தொட்டபோது உணர்ச்சி இருந்தது; தொழுநோயில் தடிக்கக்கூடிய முழங்கை நரம்பும் தடித்திருக்கவில்லை. கை கால்களில் வரும் படையென்றால் உணர்ச்சிக் குறைவே தொழுநோய்க்கு எங்களுக்கு முதல் சான்று. முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், நோய் இருந்தும் உணர்ச்சி குறையாமல் இருக்கக்கூடும். ஆகவே கருவி சொல்லாவிட்டாலும் அந்தப் பெயர் என் மனத்தில் வந்திருக்கும்.

கருவி படத்தை மட்டுமே பார்க்கிறது, தொட்டுப் பார்ப்பதில்லை என்பது அந்தப் பெயரைச் சொல்லாததற்கு என் முதல் நியாயம். 2017இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,29,000 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், தோல் புற்றுநோயை நிபுணர்களுக்கு இணையாக இனங்கண்டது. ஆயினும் இத்தகைய நிரல்கள் கருநிறத் தோலில் தடுமாறுவதை 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வயற்காட்டு மக்களின் தோலைப் பார்த்து அது தரும் பெயரை ஒரு தாயின் காதில் எப்படிப் போடுவது? ஆனால் இதே காரணத்தால் முதல் பெயரையும் நான் படித்திருக்கக் கூடாது.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து தொழுநோயைச் சட்டம் நீக்கியதே 2019இல்தான். ஊர் வாய் அதற்குள் மாறிவிடாது. மறுபுறம், இது ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். குணமாகும் நோயின் பெயரைச் சொல்ல நானே தயங்கினால், ஊரின் பயத்துக்கு நானும் இடம் கொடுக்கிறேன் என்றல்லவா ஆகிறது? எந்த நோயைத் தேடுகிறேன் என்று சொல்லாமல் ஒரு பெண்ணின் முகத்தில் சதை எடுக்கச் சம்மதம் வாங்கியதும் உறுத்துகிறது.

சந்தேகங்களை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, உறுதியானதை மட்டும் சொல்வதுதான் நாங்கள் பழகிய முறை. மனத்தில் இருந்தவரை அந்தப் பட்டியல் மருத்துவருடையது. நோயாளியின் முன்னால் திரையில் வந்தபின் அவருக்கும் அதில் உரிமை உண்டு என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் போனபின் பயிற்சி மருத்துவர் கேட்டார்: "மேடம், அந்தப் பொண்ணு காலேஜ் முடிச்சவதானே, அவளே படிச்சிருப்பாளே?" படித்திருக்கலாம். அவள் எதுவும் கேட்கவில்லை.

பயாப்ஸி முடிவு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அன்று இரண்டாவது பெயரை அவளிடம் தனியாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கேட்டவர் அம்மா, அவரையும் வைத்துக்கொண்டு சொல்வதே முறை என்கிறார் பயிற்சி மருத்துவர்.