ஆர்க்னித் தீவுகளில் குளிர்காலப் பறவைகள்: நாட்குறிப்பு

நவம்பர் 10, ஹாரே ஏரியின் மேற்குக் கரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள இந்த ஆர்க்னியில், ஐஸ்லாந்திலிருந்து கிரேலாக் வாத்துகள் வந்து இறங்கிவிட்டன. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தின் பங்காளி இது. பார்லி அறுத்த தாள் வயலிலும் புல்வெளியிலும் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்து பறந்துவிடும். பத்து பறவையை எண்ணி, அது ஸ்கோப்பில், அதாவது தொலைநோக்கியில், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவையே மிச்சக் கூட்டத்தின் மேல் நகர்த்திப் போவதுதான் வழி. அந்தப் பத்தைக் கூட்டத்தின் ஓரத்தில் எடுக்கக் கூடாது. ஓரத்தில் விலகி விலகி நிற்கும், நடுவில் நெருக்கியடிக்கும்; ஓரத்து அளவால் நடுவை அளந்தால் கணக்கு குறைந்துபோகும். நிலமும் மேடு பள்ளம். மேட்டின் பின்புறம் நிற்பவை தெரியவே தெரியாது, ஆகவே அதே வயலை இரண்டு சாலைகளிலிருந்து பார்க்க வேண்டும்.

இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் கிரேலாக்குகளும் உண்டு. வயலில் கலந்து நிற்கும்போது உள்ளூர், வெளியூர் என்று பிரிக்க வழியில்லை.

எண்ணி முடித்ததும் கூட்டத்தில் கலந்து நிற்கும் வேறு வாத்து இனங்களைத் தேடி இன்னொரு சுற்று. கழுத்தும் தலையும் கறுத்து, அலகு சிறுத்து, கால் இளஞ்சிவப்பாக இருந்தால் பிங்க்ஃபுட் வாத்து. வயிற்றில் கறுப்புப் பட்டைகளும் ஆரஞ்சு அலகும் இருந்தால் கிரீன்லாந்து வெண்நெற்றி வாத்து. உட்கார்ந்திருக்கும் பறவையின் கால் தெரியாது, பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

நவம்பர் 23, சர்ச்சில் தடுப்பணைகள்

1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று, தீவுகள் சூழ்ந்த இயற்கைத் துறைமுகமான ஸ்கேப்பா ஃப்ளோவுக்குள் நுழைந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு கிழக்கு வாசல்களை அடைக்கப் போட்டவை இந்த நான்கு கான்கிரீட் தடுப்பணைகள். இன்று மேலே சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் வட கடல், மறுபக்கம் ஃப்ளோ. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதாவது ஒரு பக்கம் தணிந்திருக்கும். தென்கிழக்குக் காற்றும் உயர் ஓதமும் சேர்ந்த நாளில் மட்டும் வரக் கூடாது. இரண்டாம் அணையின் மேல் அலை ஏறிச் சாலையே மூடப்படும்.

இன்று மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, கிழக்குப் பக்கம் அமைதி. மூழ்கி மீன் பிடிக்கும் டைவர், ஸ்லவோனிய முக்குளிப்பான், ஈடர் என்னும் கடல் வாத்து, நீள்வால் வாத்து எல்லாம் இருந்தன. சிக்கல் டைவரில்தான். ஒரு முழுக்குப் போட்டால் முக்கால் நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம்கூடக் கீழேயே இருக்கும். மூழ்கிய இடத்தில் எழவும் எழாது. ஸ்கோப்பை இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டே போனால், போன நேரத்தில் நீருக்கடியில் இருந்தவை எல்லாம் விட்டுப்போகும். விரிகுடாவைப் பாறை, மிதவை, எதிர்க்கரை வீடு என அடையாளம் வைத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நிமிடமாவது நிறுத்திப் பார்க்கிறோம். பிறகு பத்து நிமிடம் விட்டு முழுச் சுற்றும் மறுபடி. மூன்று சுற்றில் 6, 9, 8 என்று வந்தால் ஏட்டில் ஏறுவது 9. மூன்றையும் கூட்டிவிடும் புதியவர்கள் உண்டு.

இனம் பிரிப்பதற்கு: நெற்றி செங்குத்தாக எழும்பி, அலகு தடித்து, கழுத்தில் கருமை பாதி வளையமாக இறங்கினால் பெரிய வடபுல டைவர். அலகு மெலிந்து மேல்நோக்கி வளைந்து, முகம் வெளுத்திருந்தால் செங்கழுத்து டைவர். விலாவின் பின்கோடியில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் கருங்கழுத்து டைவர்; ஆனால் இறகு கோதும்போது மற்ற டைவர்களும் வெள்ளை வயிற்றைக் காட்டி ஏமாற்றும்.

டிசம்பர் 5

சீல் குட்டி போடும் பருவம் முடிகிறது. செத்த குட்டிகள் கிடக்கும் கரையில் கிளாக்கஸ் கடற்காகம் வரும், அதற்காகவே அங்கே ஒரு நோட்டம். பிறந்து முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவையின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் பளிச்சென்று கறுப்பு. ஐஸ்லாந்துக் கடற்காகம் அளவில் சிறியது, தலை உருண்டை, மடித்த இறக்கை வாலைத் தாண்டி நீளும். வெளிறிப்போன ஹெர்ரிங் கடற்காகத்தைப் பார்த்துக் குதிப்பது ஆண்டுதோறும் நடக்கிற கூத்து.

டிசம்பர் 21

சூரியன் எழுந்தது காலை 9 மணி தாண்டி, விழுந்தது மாலை 3.15 வாக்கில். நடுப்பகலிலும் அடிவானத்திலிருந்து எட்டு பாகை ஏறுவதில்லை. தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைவதால், தெற்கு நோக்கிப் பார்த்தால் நாள் முழுக்க நீர் கூசும், பறவை எல்லாம் கறுப்பு நிழல்தான். ஆகவே இந்த மாதத்தில் விரிகுடாவின் தென்கரையில் நின்று வடக்கே பார்க்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒரே நாளில் நாலு இடம் என்று திட்டம் போட்டால் கடைசி இரண்டும் இருட்டில் போகும். இரண்டு போதும்.

டிசம்பர் 29, மேற்கு மெயின்லாந்து

ஆர்க்னியின் பெரிய தீவுக்குத்தான் மெயின்லாந்து என்று பெயர். அங்கே ஹென் ஹாரியர் பூனைப்பருந்துகள் இராத்தங்கும் இடம் ஒன்று. எங்கே என்று எழுதுவதில்லை. ஆள்கூட்டம் வந்தால் பறவை இடம் மாறிவிடும். இவை தரையில், புதருக்குள் தூங்குபவை. ஆர்க்னியில் நரி கிடையாது, அது பெரிய நிம்மதி. ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்கு 2010-இலிருந்து தென்படுகிறது. அது தரைப்பறவைகளுக்கும், இவற்றின் இரையான ஆர்க்னி வயல் எலிக்கும் எமன்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போய், அரை கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் காருக்குள்ளேயே உட்கார வேண்டும். இறங்கிய பறவை மறுபடி எழுந்து வேறிடத்தில் உட்காரும். அதைப் புதிய வரவாக எண்ணுவதுதான் வழக்கமான பிழை. ஒருவர் வானத்தை மட்டும், மற்றவர் புதரை மட்டும் பார்த்து, வந்த திசையையும் நேரத்தையும் குறித்தால் இது குறையும். சாம்பல் உடலும் கறுத்த இறக்கை நுனியும் ஆண். பழுப்பும் வால்மேல் வெள்ளைப் பட்டையும் பெண்ணாகவோ இளம்பறவையாகவோ இருக்கலாம், அந்த வெளிச்சத்தில் அதற்கு மேல் பிரிக்க முயல்வது வீண். குட்டைக்காது ஆந்தை ஒன்றும் வேலியோரம் தாழப் பறந்தது. அதன் தட்டை முகத்தைப் பார்த்து உள்ளூரார் வைத்த பெயர் ‘கேட்டி ஃபேஸ்’, பூனை மூஞ்சி. நம்மூரில் ஹாரியருக்குப் பூனையை ஒட்டிவைத்தோம், இங்கே ஆந்தைக்கு.

ஜனவரி 9, புராட்கர் பாலம்

காற்றில்லாத உறைபனி, இங்கே அபூர்வம். கடல் சூழ்ந்திருப்பதால் குளிர் கடுமையாக நீடிப்பதில்லை. பாலத்துக்கு ஒரு பக்கம் ஹாரே, நன்னீர், ஓரமெல்லாம் பனிக்கட்டி. மறுபக்கம் ஸ்டென்னஸ், கடலோடு தொடர்புள்ள உவர்நீர், திறந்தே கிடக்கிறது. குடுமி வாத்தும் கோல்டன்ஐ வாத்தும் இங்கே மாறிவிட்டன. நாமத்தலை வாத்து கரைப்புல்லுக்கு ஏறிவிட்டது. இப்படிப்பட்ட நாளில் இரண்டு ஏரிகளையும் ஒரே முற்பகலில் முடிக்காவிட்டால், ஒரே வாத்து இரண்டு பக்கமும் ஏறிவிடும்.

ஜனவரி 20, வடகரை

நாலு நாள் வாடை அடித்து ஓய்ந்தது. ஓதக் கோட்டில் பாசியோடு ஒதுங்கியவற்றைப் பார்த்து நடந்தோம். குட்டி ஆக் என்னும் சிறு கடற்பறவை இரண்டு, உயிரில்லை. மைனா அளவுதான் இருக்கும், கடலில் இரை பிடிக்க முடியாமல் இளைத்து ஒதுங்குகிறது. பறவைக் காய்ச்சல் பயம் இருப்பதால் எதையும் கையால் தொடுவதில்லை: படம், இடக்குறிப்பு, எண்ணெய் படிந்ததா இல்லையா, புதியதா பழையதா. இடக்குறிப்பு இல்லையென்றால் அடுத்த மாதம் அதே சடலத்தைப் புதிதாக எண்ணுவோம்.

அலையடிக்கும் பாறையில் ஊதா உள்ளான்கள். பாறை நிறமே இவற்றின் நிறம். பெரிய அலை வந்து மோதும்போது ஒரு முழம் எழும்பி உட்காரும், அந்த நொடியில்தான் எண்ணிக்கை. கூடவே கல்திருப்பி உள்ளான், கோடியக்கரையில் பார்க்கும் அதே இனம். அங்கே சேற்றோரம் தேடும், இங்கே அழுகிய பாசியைப் புரட்டுகிறது.

பிப்ரவரி 16, ஸ்கேப்பா விரிகுடா

காற்று விழுந்த மாலை. நீள்வால் வாத்துகள் இராத்தங்க ஃப்ளோவின் நடுவை நோக்கிச் சிறு சிறு கூட்டமாகப் பறந்தன. பகலில் சிதறி மூழ்கும் இவற்றை எண்ண இந்த ஒரு மணி நேரம்தான் சரியான சமயம், பறக்கும் பறவை மூழ்குவதில்லை. ஆண்கள் வாலைத் தூக்கிக்கொண்டு கூப்பிடத் தொடங்கிவிட்டன. ‘கலூ’ என்பது உள்ளூர்ப் பெயர், அந்தக் குரலே பெயராகிவிட்டது.

டைவர்களுக்கு இனிச் சோதனைக் காலம். பெரிய வடபுல டைவர் குளிர்காலக் கடைசியில் பறக்கும் சிறகுகளை ஒரே மூச்சில் உதிர்க்கும். புதிதாக முளைக்கும்வரை பறக்க முடியாது. படகு நெருங்கினால் மூழ்கித் தப்புவது ஒன்றே வழி. இன்று ஒன்று இறக்கையை விரித்து உதறியது, நீண்ட சிறகுகள் இருந்த இடம் காலி. ஏட்டில் ‘சிறகுதிர்ப்பு, 1’ என்று குறித்து, நேரம் 4.40.