மதுபோதைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைச் சீர்செய்த அனுபவம்

வன்னியில் ஒரு மதுபோதைச் சிகிச்சைப் பிரிவில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடமும் சக தாதி உத்தியோகத்தர் ஒருவரிடமும் அதன் தரத்தை உயர்த்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டபோது, புதிய கட்டடமோ கூடுதல் ஆளணியோ கிடைக்காது என்பது முதலிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது. ஆகவே, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உருவான ‘நயாடெக்ஸ்’ என்னும் வழிமுறையைக் கையிலெடுத்தோம். காத்திருப்பையும் தவணைக்கு வராமல் விடுவதையும் குறைத்தல், சேர்வோரையும் தொடர்ந்து வருவோரையும் கூட்டுதல் என்பன அதன் நான்கு இலக்குகள். பணியாளர்களே நோயாளராகவும் உறவினராகவும் மாறி, சிகிச்சைக்கு வரும் வழி முழுவதையும் நடந்து பார்ப்பது அதன் முதற்படி.

தாதி உத்தியோகத்தர் குடிப்பவராகவும் நான் அவருடைய தமக்கையாகவும் மாங்குளத்தில் பேருந்து ஏறினோம். வெளிநோயாளர் வரிசையில் துண்டு எடுத்தோம்; பலர் காதுபட, “குடிப் பிரச்சினைக்கோ வந்தனீங்கள்?” என்று கேட்கப்பட்டது; ஒரே விபரத்தை மேசைக்கு மேசை சொன்னோம்; முடிவில் அடுத்த கிழமைக்கு வரும்படி ஒரு திகதி தந்தார்கள். நடிப்பு என்பதையும் மறந்து எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பல ஆண்டுகள் நாள்தோறும் கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால் சில மணிநேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருமாயின் பெரும்பாலும் 6 முதல் 48 மணிநேரத்துக்குள் வரும். உயிராபத்தான மனக்குழப்ப நிலை இரண்டாம் மூன்றாம் நாட்களில் ஏற்படலாம். “இனித் தொடமாட்டன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவருக்கு ஒரு கிழமைத் தவணை கொடுப்பது, அந்த ஆபத்து முழுவதையும் மருந்தின்றி வீட்டிலே கழிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதை நாங்கள் உறுதியாகக் கடைப்பிடித்தோம். வந்த அன்றே மருத்துவ உத்தியோகத்தர் பார்ப்பது, ஆபத்து நிலையில் உள்ளவரை அன்றே விடுதியில் சேர்த்து, நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் தயமின் என்னும் விற்றமினும் தொடங்குவது என்பதே முதல் மாற்றம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிப்பழக்கத்தின் அளவையும் பாதிப்பையும் கணிக்கும், பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஓடிட்’ படிவத்தைத் தனி அறையில், ஒருவரே, ஒரே தடவை நிரப்பும்படி செய்தோம். இதற்குப் பணம் தேவைப்படவில்லை. பழகிய ஒழுங்கை விட்டுக்கொடுக்கும் மனம்தான் தேவைப்பட்டது, அது இலகுவில் வரவில்லை.

கடினமான பகுதி விடுதியை விட்டுச் சென்றபின் தொடங்கியது. உடலிலிருந்து நஞ்சு இறங்குவதையே சிகிச்சை என்று குடும்பங்கள் மட்டுமன்றிப் பணியாளர்களும் எண்ணியிருந்தோம். உண்மையில் அது சிகிச்சைக்கான வாசல் மட்டுமே. காலபோக அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்கு வராதவர்களை அழைத்துக் கேட்டபோது, பலர் மறுபடி குடித்திருக்கவில்லை. கூலியை இழக்க முடியாமல் வயலில் நின்றார்கள். அதன்பின், அவரவர் தொழிலைக் கேட்டே திகதி குறித்தோம். முதல்நாள் மாலை அழைத்து நினைவூட்டினோம். மறுபடி குடித்துவிட்டு வருபவரைக் கண்டிப்பதும், புதிய நோயாளர்போல முதலிலிருந்து பதியச் சொல்வதும் நிறுத்தப்பட்டன. வெட்கத்தால் ஒதுங்கியிருந்தவர்கள் திரும்பி வந்ததை, என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகப் பெரிய பலனாகக் கருதுகிறேன்.

முன்பு எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை மட்டுமே பதிவேட்டில் எழுதினோம். இப்போது எங்களை முதலில் அழைத்த நாள், முதலில் பார்க்கப்பட்ட நாள், நான்காவது சந்திப்புக்கு வந்தாரா என்ற மூன்று நிரல்கள் அதில் சேர்ந்துள்ளன. ஐஸ் என்னும் போதைப்பொருளைப் பாவித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு, நான்காவது சந்திப்புக்கான நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. அந்தப் பழக்கத்தை விடச்செய்யவென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லாததால், முறையான உளவளத்துணையும் குடும்பத்தின் பங்களிப்புமே சிகிச்சையின் அடிப்படை. அதற்குக் கிழமைதோறும் அவர்களைச் சந்தித்தாக வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வந்துபோக ஒரு நாட்கூலி போய்விடுவதால், அவர்களுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே சந்திப்பதற்கான அனுமதியை இப்போது கேட்டிருக்கிறோம்.