மூன்று பூட்டுப் பெட்டி

நகரத்தாரை யூதர்களோடு ஒப்பிட்டுப் பேசுவது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழகிப்போன பேச்சு. கடல் கடந்து போனவர்கள், கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரர்கள், கணக்கில் சுத்தம் என்று பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதையில் பாதிதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கடன் கொடுத்தவனை அரசாங்கம் என்ன செய்தது என்பது மீதிப் பாதி. பேரேடும் ஐந்தொகையும் என்னவென்று தெரிந்த ஊர் இது. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. யூதர்கள் எல்லோரும் வட்டிக்கு விட்டவர்கள் அல்ல, எந்தக் காலத்திலும் அல்ல. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்கூடப் பெரிய கொடுக்கல்காரர்கள் ஒரு சில குடும்பங்கள்தான். மற்றவர்கள் அடகுக்குச் சில்லறைக் கடன் கொடுத்தவர்கள், வைத்தியர்கள், எழுத்தர்கள், அந்தப் பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர்கள். கிறிஸ்தவர் கிறிஸ்தவரிடம் வட்டி வாங்கக் கூடாது என்று திருச்சபை தடுத்தது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் அந்தத் தடையை இன்னும் இறுக்கியது. கைவினைஞர், வணிகர் சங்கங்களில் யூதர்களுக்கு இடமில்லை. நிலத்தை மானியமாகப் பெறக் கிறிஸ்தவச் சத்தியம் வேண்டும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் ராஜா நின்றுகொண்டிருந்தார்.

சட்டப்படி யூதர்கள் ராஜாவின் உடைமை. ஒருவர் இறந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அரண்மனைக்குப் போவது வழக்கம். லிங்கன் நகரத்து ஆரோன் 1186இல் இறந்தபோது இரண்டாம் ஹென்றி முழுச் சொத்தையும் எடுத்துக்கொண்டார். கையிருப்புத் தங்கமும் வெள்ளியும் பிரான்சுக்குப் போகும் வழியில் கப்பலோடு கடலில் மூழ்கின. மிஞ்சியது வரவேண்டிய பாக்கி: சுமார் 430 பேரிடம் ஏறத்தாழ 15,000 பவுண்டு. அதை வசூலிக்கவே கருவூலத்தில் ஆரோன் பேரில் தனிப் பிரிவு வைத்தார்கள். ஆரோனிடம் தவணை சொல்லிக்கொண்டிருந்த பிரபுக்கள் இப்போது ராஜாவுக்குக் கடன்காரர்கள். ராஜாவின் ஆளிடம் தவணை பேச முடியாது. அந்த ஆத்திரம் திரும்பி விழுந்தது யூதர்கள் மேல்.

1190 மார்ச் 16, இங்கிலாந்தின் யார்க் நகரம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் யூதர்களிடம் பெருங்கடன் பட்டிருந்த ரிச்சர்ட் மாலெபிஸ் ஒருவன். சுமார் 150 யூதர்கள் கோட்டையின் மரக் கோபுரத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பலர் தங்கள் குடும்பத்தையும் தங்களையும் மாய்த்துக்கொண்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி மறுநாள் காலையில் வெளியே வந்தவர்களையும் வெட்டினார்கள். கூட்டம் அடுத்துப் போன இடத்தைக் கவனியுங்கள்: நேராகப் பேராலயம். பாதுகாப்புக்காக அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து ஆலயத் தரையிலேயே கொளுத்தினார்கள்.

ராஜாவுக்கு இழப்பு அந்தப் பத்திரங்களில்தான். அதற்கு 1194இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கடன் பேசி முடிந்ததும் ஒரே தோல்தாளில் இரண்டு பிரதி எழுதி நடுவே வெட்டுவது. கடன் வாங்கியவரின் முத்திரையோடு ஒரு பாதி யூதரிடம் இருக்கும். மறு பாதி ஊர்ப் பொதுப்பெட்டிக்குப் போகும். பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி இரண்டு கிறிஸ்தவர்களிடம், ஒன்று இரண்டு யூதர்களிடம், மூன்றாவது ராஜாவின் எழுத்தர்களிடம். மூவரும் கூடாமல் பெட்டி திறக்காது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பாதுகாப்பு, கள்ளப் பத்திரம் செல்லாது. நல்ல ஏற்பாடு என்றுதான் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தோன்றும்.

கோளாறு மூன்றாவது சாவியில் இருந்தது. யாரிடம் எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்பது இனி ராஜாவுக்கு அத்துப்படி. சிறப்பு வரி போட நினைத்தால் பெட்டிகளை முத்திரையிட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு எடுத்துப்போய்க் கணக்குப் பார்ப்பார்கள். 1210இல் ராஜா ஜான் கேட்டது 66,000 மார்க், அதாவது 44,000 பவுண்டு. நாள் குறித்துக் கேட்டால் யூதர் என்ன செய்வார்? கொடுத்த கடனை உடனே திருப்பிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பத்திரத்தைப் பாதி விலைக்கு அரண்மனைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும். வாங்கியவர் பத்திரத்தைக் காட்டி அடமான நிலத்தை எடுத்துக்கொள்வார். முதலாம் எட்வர்டின் ராணி எலியனோர் இப்படி நிறைய நிலம் சேர்த்தார். நிலத்தை இழந்த சிறு பிரபுவின் நினைவில் நிற்பது ராணி அல்ல, பத்திரத்தில் முதல் பெயர் எழுதிய யூதர்தான். யூத வெறுப்பைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்தது இந்தச் சுழற்சி. மதப் பிரசங்கத்தை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மதப் பழியும் பணத்தோடு சேர்ந்தே வந்தது. 1255இல் லிங்கனில் ஒரு சிறுவனின் உடல் கிணற்றில் கிடைத்தது. யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று கட்டுக்கதை கிளம்பியது. மூன்றாம் ஹென்றி நேரில் வந்து 19 யூதர்களைக் கொல்லவைத்தார். அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் நாட்டு யூதர்களிடமிருந்து வரும் வரும்படியைத் தம்பி ரிச்சர்டிடம் 5,000 மார்க்குக்கு அடகு வைத்திருந்தார். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பான யூதரின் சொத்து ராஜாவுக்கே சேரும்.

அதற்குப் பிறகு சறுக்கல் வேகமானது. 1275இல் யூதர்கள் வட்டி வாங்கத் தடை, ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் நெஞ்சில் மஞ்சள் துணி குத்தவேண்டும் என்று கட்டளை. 1278இல் நாணயங்களின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுத்தார்கள் என்று நாடு முழுக்கக் கைது, அடுத்த ஆண்டுக்குள் லண்டனில் மட்டும் இருநூறுக்கு மேல் தூக்கு. 1290 ஜூலை 18இல் வெளியேற்ற ஆணை, நவம்பர் 1 கெடு. எட்வர்ட் பாக்கிகளில் வட்டியைத் தள்ளிவிட்டு அசலைத் தனக்கு வைத்துக்கொண்டார். 1656 வரை அந்த நாட்டில் யூதர்கள் வெளிப்படையாக வாழ முடியவில்லை.

இங்கே பர்மா நினைவுக்கு வருவது இயல்பு. நெல் விலை விழுந்த 1930களில் அசலும் வராமல் வட்டியும் வராமல் கீழ்ப்பர்மாவில் நிலம் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) தலையில் விழுந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. உழவனின் கோபத்துக்கு முகம் கிடைத்தது, பிரிட்டிஷ் ஆட்சியின் நிலவரியும் சந்தையும் பின்னால் மறைந்தன. 1948இல் நில தேசியமயம், 1963இல் வங்கிகள். ஒப்புமை இந்த இடம் வரைதான். செட்டியார்களைப் பூண்டோடு அழிக்க எந்த அரசும் திட்டம் போடவில்லை. யூதர்களுக்கு அது நடந்தது.

ஜெர்மனியிலும் கணக்குத்தான் முன்னால் போனது. நாட்டை விட்டுப் போகிறவர் சொத்தில் 25 சதவீதம் கட்டவேண்டும் என்ற வரி 1931 டிசம்பரிலேயே வந்தது. மூலதனம் வெளியேறாமல் தடுக்க ஹிட்லருக்கு முந்தைய அரசு கொண்டுவந்த வரி அது. நாஜிகள் 1934இல் அந்த வரி விழும் சொத்து வரம்பை 2 லட்சம் ரைக்ஸ்மார்க்கிலிருந்து (அன்றைய ஜெர்மன் நாணயம்) 50,000க்கு இறக்கினார்கள். நடுத்தரக் குடும்பங்களும் சிக்கின. மீதிப் பணம் முடக்கப்பட்ட கணக்கில் கிடக்கும். அதை அந்நியச் செலாவணியாக மாற்ற அரசு வங்கி பிடித்துக்கொண்டது 1939 செப்டம்பரில் 96 சதவீதம். நூறு மார்க் கொடுத்தால் நான்கு மார்க் மதிப்பு கைக்கு வரும்.

1938 ஏப்ரல் 26இல் புதிய ஆணை: 5,000 ரைக்ஸ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் அனைத்தையும் படிவத்தில் எழுதித் தரவேண்டும். இங்கிலாந்தின் மூன்று பூட்டுப் பெட்டிக்கு ஈடு இது. நவம்பர் 9, 10 இரவுகளில் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, சுமார் 30,000 ஆண்களை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றே நாளில், நவம்பர் 12இல், யூதர்கள் மேலேயே நூறு கோடி ரைக்ஸ்மார்க் தண்டம் விதித்தார்கள். பதிவான சொத்தில் 20 சதவீதம், நான்கு தவணை. படிவம் கையில் இருந்ததால் ஆள்வாரியாகக் கணக்கிடச் சிரமமே இல்லை. போதாதென்று 1939 நவம்பரில் இன்னும் 5 சதவீதம். கடை உடைந்ததற்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1939 பிப்ரவரி ஆணைப்படி பொன்னும் வெள்ளியும் அரசு அடகுக்கடைக்குப் போயின. தாலிக்கு ஈடான கல்யாண மோதிரம் போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

யூதர்களைக் கிழக்கே முகாம்களுக்கு ரயில் ஏற்றும் முன் 16 பக்கப் படிவம். சட்டை எத்தனை, கரண்டி எத்தனை என்று அவர்களே எழுதவேண்டும். 1941 நவம்பர் 25 ஆணைப்படி எல்லை தாண்டியதும் குடியுரிமை போகும், சொத்து தானாக அரசுக்குச் சேரும். தெரேசியன்ஷ்டாட் முகாம் சட்டப்படி அந்நிய நாடு அல்ல, அந்த ஆணை அங்கே செல்லாது. ஆகவே வயதானவர்களிடம் ஆயுள் முழுக்கப் பராமரிப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்கி, சேமிப்பைப் பிடுங்கினார்கள். காலியான வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன, அக்கம்பக்கத்தார் எடுத்தார்கள். போனவர் வைத்த மின்சாரப் பாக்கியை நிதி அலுவலகம் அவர் கணக்கிலேயே கழித்து, ரசீதைக் கோப்பில் சேர்த்தது.

1957இல் மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, பொருள் இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் மேல் விழுந்தது. தப்பிப் பிழைத்தவர்களிடம் காகிதம் ஏது? காகிதம் எழுதி வைத்திருந்தது நிதி அலுவலகம். பெர்லின் பகுதிக் கோப்புகள் பல்லாயிரம் இன்று பாட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேரன் பேத்திகள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.